சகலையின் ஏர் பம்ப்

இதில் ஒரு சொல்கூடக் கலப்படம் கிடையாது. வேண்டுமானால் கையில் அடித்துச் சத்தியம் செய்து தரப்படும். கூட்டிச் சொல்வது, குறைத்துச் சொல்வது, ருசிக்காக நாலு சேர்த்துச் சொல்வது எதுவும் இங்கே நடக்காது. நடந்தது நடந்தபடி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய மாப்பிள்ளை தன் பட்டறையில் லேத்தின் முன் நின்று ஏதோ ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னாள்.

"என்னங்க, அப்பா ஜீப்போட ஏர் பம்பைக் கழட்டி ரிப்பேருக்குக் கொடுத்துட்டாராம்."

"யார்கிட்ட?" என்று கேட்கும்போதே பெரிய மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். இரும்பில் பிறந்த எதற்கும் நோய் வந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் வரும். பம்ப் இந்நேரம் வாசலுக்கு வந்திருக்கும் என்று எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட."

லேத் நின்றது. கரண்ட் போகவில்லை, யாரும் அணைக்கவும் இல்லை. அதற்கே மனசு கேட்கவில்லை.

"கண்ணாடிக்கடையிலயா?"

"ஆமா."

"ஏன், ஜீப்புக்குக் கிட்டப்பார்வையா?"

"என்கிட்ட ஏன் கத்தறீங்க? கொடுத்தது எங்கப்பா."

மாமனாரின் ஜீப்புக்கு வயது நாற்பத்தெட்டு. நாலு சக்கரமும் இழுக்கும் ஜாதி. காடு, மேடு, ஆற்றுப்படுகை எதைக் காட்டினாலும் ஏறி இறங்கும். அந்தக் காலத்திலேயே புகையைக் குறைக்க வேண்டும் என்று கவலைப்பட்ட யாரோ ஒரு புண்ணியவான் என்ஜினுக்குப் பக்கத்தில் தேங்காய் அளவில் ஒரு ஏர் பம்பை வைத்து, பெல்ட் போட்டுச் சுற்றவிட்டிருந்தார். அது வெளிக்காற்றை இழுத்துப் புகைக்குழாயின் வாய்க்குள் ஊதும். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் அங்கே இந்தக் காற்றிடம் மாட்டிக்கொண்டு எரிந்து தீர்ந்து, சாதுவாக வெளியே போகும். பம்பின் உத்தியோகம் அவ்வளவுதான்.

அந்தப் பம்ப் தேய்ந்துபோயிருந்தது. அது போட்ட கூச்சலுக்கு ஆம்புலன்ஸ்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜீப் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சத்தம் வந்து சேர்ந்துவிடும். ஒருநாள் மாமனார் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. சத்தம் மட்டும் கடைத்தெரு வரை போய்விட்டுத் திரும்பியது. கடைக்காரர்கள் வழக்கம்போல எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். இதற்குச் சாட்சி உண்டு.

பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம்தான். ஆனால் வருஷா வருஷம் நடக்கும் புகைப் பரிசோதனையில் அது செல்லாது. தொழிற்சாலையில் என்னென்ன வைத்து அனுப்பினார்களோ அத்தனையும் இருக்க வேண்டும், அத்தனையும் ஓட வேண்டும். வரும் திங்கட்கிழமை காலை பரிசோதனை.

பெரிய மாப்பிள்ளைக்கு ஜீப் வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மாமனார் வீட்டு கேட்டுக்குக் கீல் செய்துகொடுத்திருக்கிறார், மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருக்கிறார், மாடிப்படிக்குப் பதினான்கு அடியில் கைப்பிடி வளைத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, ஆட்டிப் பார்த்து மாமனார் சொன்னது: "பரவாயில்லை." மாடிப்படிக்கு மட்டும் இரண்டு முறை சொன்னார், அதுவும் முதல் முறை சொன்னது மறந்துபோனதால்.

சின்ன மாப்பிள்ளை அந்தக் குடும்பத்துக்குள் வந்த முதல் வாரத்தில் மாமனாரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு திருகாணி கழன்று விழுந்தது. எள்ளில் பாதி இருக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து குச்சி போன்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரை நிமிஷத்தில் முடுக்கினார். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருமகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரர்!" என்றார். பெரிய மாப்பிள்ளை அப்போது பக்கத்தில் கேட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். கேட்டின் எடை எண்பது கிலோ.

அந்தச் சொல்லை ஒரே ஒரு முறை, தன் காதால், தன்னைப் பார்த்துச் சொல்லக் கேட்க வேண்டும். இந்தப் பம்பில் அது கிடைத்திருக்கும். கிடைக்க வேண்டியது கண்ணாடிக்கடைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை காலை அவர் கண்ணாடிக்கடைக்குப் போனார். சும்மா போய் உட்கார்ந்தால் எதற்கு வந்தார் என்று ஆகிவிடும். அதனால் கண் பரிசோதிக்க வந்ததாகச் சொன்னார்.

"வாங்க அண்ணே, உட்காருங்க!" என்று சின்ன மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் நல்லவர். பெரிய மாப்பிள்ளையால் பொறுத்துக்கொள்ள முடியாத குணங்களில் அது முதலாவது.

எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. பக்கத்து மேஜையில், கண்ணாடி துடைக்கும் மெல்லிய நீலத் துணியின் மேல், பம்ப் பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது. பெரிய மாப்பிள்ளை ஒரு கண்ணை அட்டைக்கும் ஒரு கண்ணை மேஜைக்கும் கொடுத்தார். ஆனால் அவர் பார்வை கழுகுப் பார்வை. கடைசி வரியையும் படித்து, அதற்கும் கீழே மூலையில் இருந்த அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் படித்துவிட்டார். பரிசோதனை ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்லண்ணே. நூறு வயசு வரைக்கும் ஓடும்."

வெளியே வந்து தெருவில் நின்றபோதுதான் அவருக்குத் தன் தவறு புரிந்தது. வியாழக்கிழமை மறுபடியும் போனார்.

"என்னண்ணே, நேத்து அச்சகம் பேரு வரைக்கும் படிச்சீங்களே?"

"நேத்து வெளிச்சம் நல்லா இருந்துச்சு தம்பி. இன்னிக்கு என்னமோ மங்கலாத் தெரியுது."

"சரி, மேல இருக்கிற பெரிய எழுத்து என்னன்னு சொல்லுங்க."

"எழுத்தா? சுவத்துல ஏதோ கறைன்னு நெனச்சேன்."

சின்ன மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. சட்டம் போன்ற ஒன்றை மூக்கில் மாட்டி, வில்லை வில்லையாகச் செருகிப் பார்த்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் பெரிய மாப்பிள்ளை வில்லைகளுக்கு மேலாக எட்டிப் பம்பைப் பார்த்தார். பார்த்ததில் வயிறு எரிந்தது.

ஏர் பம்புக்குள் இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வட்டமான அறைக்குள் சற்று ஓரமாக ஒரு உருளை சுற்றும். அதோடு சேர்ந்து கரியால் செய்த தகடுகள் சுவரைத் தடவிக்கொண்டே ஓடிக் காற்றைத் தள்ளும். தகடு ஒரு மயிரளவு தேய்ந்தால் காற்று இடுக்கில் தப்பிவிடும். ஒரு மயிரளவு தடித்தால் பம்ப் இறுகிவிடும். இதில் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, பட்டால் கரித்தூளோடு சேர்ந்து களியாகிவிடும். புதுத் தகடுகளைச் சின்ன மாப்பிள்ளை வில்லை தேய்க்கிற கல்லில் தேய்த்திருந்தார்! தேய்த்ததை ஒரு கண்ணாடிப் பலகையில் நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை.

முப்பது வருஷம் லேத் ஓட்டிய தனக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை? அந்தக் கேள்வி அவருடைய விலாவில் புகுந்து அங்கேயே குடியிருந்தது.

"தகடு நல்லா வந்திருக்கா அண்ணே? நீங்க பார்த்துச் சொன்னா ஒரு தைரியம்."

"எனக்கு எங்க தம்பி கண்ணு தெரியுது?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

அன்று பகலிலேயே அவர் பழைய இரும்புக் கடைக்குப் போய், அதே ஜாதி ஜீப்பின் செத்துப்போன பம்ப் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். ஆறு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். எண்ணெய்க் கை என்று பெயரெடுத்த கை அன்றுதான் தன் சொந்த நிறத்தைக் கண்டது. பெரிய மோட்டார் ஒன்றின் கரி பிரஷ்களை அறுத்துத் தகடு செய்தார். சின்ன மாப்பிள்ளை வெளிச்சம் கசியாமல் செய்தார் அல்லவா? இவர் சத்தம் கசியாமல் செய்தார். பேரிங் புதிது, ஸ்ப்ரிங் புதிது, அறையின் சுவரைப் பழைய பனியன் துணியால் முகம் தெரியும்வரை தேய்த்தார். எல்லாவற்றையும் பூட்டிப் புல்லியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றியபோது எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில் இரண்டு மாதம் கிழிந்து பறந்தது. மூன்றாவது மாதம் தானாகவே விழுந்தது.

இது மட்டும் மாமனாரின் ஜீப்பில் ஏறிவிட்டால் போதும். அப்புறம் சொல்லைத் தடுக்க யாராலும் முடியாது.

சனிக்கிழமை கண்ணாடி வந்து சேர்ந்தது. சின்ன மாப்பிள்ளையே கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வில்லையும் ஊறுகாய் ஜாடியின் அடிப்பாகம் போல இருந்தது.

"அண்ணி, இதை ஒரு நிமிஷம்கூடக் கழட்ட விடாதீங்க. கழட்டினா பார்வை இன்னும் இறங்கிடும்."

"நான் பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி. அவள் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வாள். போட்டுக்கொண்டதும் பெரிய மாப்பிள்ளைக்கு வீடு ஒரு குளத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தது. சோற்றில் கை வைக்கப் போய்ப் பக்கத்து இலையில் கை வைத்தார். கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால், அப்புறம் எதற்கு நாள் தவறாமல் கடைக்குப் போனீர்கள் என்று கேட்பாள். குளத்திலேயே இருந்துவிட்டார்.

ஞாயிறு மாமனார் ஆளனுப்பினார். ஜீப் முன்வாசலில் பானட் திறந்தபடி நின்றது. சின்ன மாப்பிள்ளையின் பம்ப் துணியில் சுற்றித் தயாராக இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. சின்னவர் பம்பைப் பிரமாதமாச் செஞ்சுட்டார். கெட்டிக்காரர். நீங்க அதை மாட்டிட்டாப் போதும். இந்த நட்டு போல்ட் முடுக்கற வேலையெல்லாம் உங்களுக்குச் சரியா வரும்."

பெரிய மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். அந்தச் சத்தம் எதிர்வீட்டில் கேட்டு, யாரோ அரிசியில் கல் என்று நினைத்து அடுப்பை அணைத்தார்கள்.

பையில் தன் பம்ப் இருந்தது. துணிக்குள் சகலையின் பம்ப் இருந்தது. மாமனார் நாற்காலியில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்ததும் இரண்டையும் இடம் மாற்றினார். தன் பம்பை ஏற்றி நாலு போல்ட்டையும் முடுக்கினார். அதுவரை கை வேலை, கண் தேவைப்படவில்லை. அடுத்தது ஹோஸ். காற்று வரும் வாய் ஒன்று, போகும் வாய் ஒன்று. கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாலு வாய் தெரிந்தது, நாலும் சிரித்தன. கண்ணாடியைக் கழற்றக் கை போனது.

"என்னங்க!" என்று திண்டில் உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

கை திரும்பி வந்தது. அவர் தடவிப் பார்த்து ஹோஸ்களை மாட்டினார், மாற்றி மாட்டினார். புகை திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வையும் பிடித்து முடுக்கினார், அதுவும் தலைகீழாகப் போய் உட்கார்ந்தது. ஒரு தப்பு மட்டும் நடந்திருந்தால் வண்டி இருமியாவது காட்டிக் கொடுத்திருக்கும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு கமுக்கமாக இருந்துவிட்டன.

திங்கட்கிழமை காலை ஜீப் சத்தமே இல்லாமல் பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்தது. கடைத்தெருவில் பழக்கப்பட்டவர்கள் சத்தம் வராததால் எழுந்திருக்கவில்லை. பிறகு மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் பின் சீட்டில். மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைக் காவல் காத்தாள்.

இன்ஸ்பெக்டர் மீட்டரின் குழாயைச் சைலன்சருக்குள் செருகினார். மீட்டரைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"பூஜ்யம் காட்டுது" என்றார். "நாலரை வரைக்கும் விடுவோம். பூஜ்யம் நான் பார்த்ததே இல்ல."

"சின்ன மாப்பிள்ளை வேலை சார்" என்றார் மாமனார்.

அப்போதுதான் மீட்டர்க் குழாய் இன்ஸ்பெக்டரின் கையை விட்டு வழுக்கி ஒரு முழம் உள்ளே போனது. அவர் பிடித்து இழுத்தார். அது திருப்பி இழுத்தது. அவர் எழுதி முடித்திருந்த சீட்டு பறந்து சைலன்சருக்குள் போயிற்று. பின்னால் அவருடைய கைக்குட்டை. இரண்டு நிமிஷம் கழித்துக் கைக்குட்டை பானட்டின் முன்பக்கமாக வெளியே வந்தது, இஸ்திரி போட்டு நாலாக மடித்தபடி. சீட்டு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து குனிந்தார்.

"ஹோஸ் ரெண்டும் மாறியிருக்கு. வண்டி புகையை விடல, முழுங்குது. யார் மாட்டினது?"

மாமனாரின் விரல் யோசிக்காமல் பெரிய மாப்பிள்ளை பக்கம் நீண்டது.

"பம்ப் செஞ்சது யாரு? தலைகீழா மாட்டியும் இந்த இழுப்பு இழுக்குதே! நாப்பது வருஷப் பம்ப் மாதிரியே இல்லையே!"

மாமனாரின் கை சின்ன மாப்பிள்ளையின் தோளில் இறங்கியது. "இவர்தான். நான்தான் சொன்னேனே, கெ..."

"மாமா!" என்றார் பெரிய மாப்பிள்ளை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பத்தொன்பது வருஷம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்துவிட்டது. "அந்தப் பம்ப் நான் செஞ்சது."

"என்னங்க, கண்ணாடியைப் போடுங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அச்சகம் பேரு வரைக்கும் தெரியும்."

"மாப்பிள்ளை, பொறாமைக்கும் ஒரு எல்லை வேணும்" என்றார் மாமனார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால் தேவலை.

பெரிய மாப்பிள்ளை பையிலிருந்து சகலையின் பம்பை எடுத்து நீட்டினார். "இது தம்பியோடது. இதை எடுத்து வச்சுட்டு என்னோடதை நான்தான் மாட்டினேன். ஹோஸை மாத்தினதும் நான்தான். ரெண்டும் நான்."

எல்லோரும் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் பம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா மாமா, இது என்னோடதுதான். வண்டியில இருக்கறது அண்ணன் செஞ்சது."

"பார்த்தீங்களா சார்?" என்று மாமனார் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "தன் பம்பை மாட்டலயேன்னு சின்னவர் ஒரு வார்த்தை பேசினாரா? மனசைப் பாருங்க!"

பெரிய மாப்பிள்ளைக்கு அப்படியே சைலன்சருக்குள் போய்விடலாம் போல இருந்தது. இடமும் இருந்தது, இழுப்பும் இருந்தது.

"யார் பம்பா இருந்தா எனக்கென்ன? வண்டின்னா மூச்சு விடணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "சரியா மாட்டிக் காட்டுங்க. இன்னொரு சீட்டு எழுதறேன்."

"சின்னவரோடதை மாட்டுங்க" என்றார் மாமனார்.

பெரிய மாப்பிள்ளை தன் பம்பைக் கழற்றினார். சகலையின் பம்பைக் கையில் எடுத்தார். ஒரு போல்ட்டை அரைச் சுற்று விட்டுவிட்டால் போதும். பெல்ட் துள்ளும், பம்ப் கத்தும், கண்ணாடிக்கடையின் பெயர் அந்தக் கூடத்திலேயே போய்விடும். மனசு அதைத்தான் சொன்னது, கெஞ்சிக்கூடக் கேட்டது. கை கேட்கவில்லை. முப்பது வருஷமாக முழுச் சுற்று முடுக்கியே பழகிய கை. நாலு போல்ட், இரண்டு ஹோஸ், வால்வு எல்லாம் ஒன்பது நிமிஷத்தில் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

ஜீப் உறுமியது. சைலன்சர் யாருடைய எதையும் இழுக்காமல் மரியாதையாக ஊதியது. இன்ஸ்பெக்டர் மீட்டரைப் பார்த்தார்.

"ஒண்ணரை. பாஸ்."

மாமனார் சீட்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"ஒண்ணரையா? முன்னாடி பூஜ்யம் வந்துச்சே."

"நாலரைக்குக் கீழ இருந்தாப் போதும் சார், ஒண்ணரை ரொம்ப நல்ல..."

மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. சின்ன மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"பரவாயில்லை" என்றார்.

பெரிய மாப்பிள்ளை அந்தச் சொல்லைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்டிருக்கிறார். அடுத்தவருக்குச் சொல்லி இப்போதுதான் கேட்கிறார். இவ்வளவு இனிமையான சொல்லா அது! தமிழில் இப்படி ஒரு சொல் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வியந்தார். சின்ன மாப்பிள்ளையின் முகம் ஒரு சுருக்குச் சுருங்கி மெல்ல விரிவதைத் தன் சொந்தக் கண்ணால், எந்த வில்லையும் இல்லாமல், ஒரு ரேகை விடாமல் பார்த்தார். 'கெட்டிக்காரர்' இனி வராது என்பது நன்றாகத் தெரிந்தது. வேண்டியும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் பின் சீட்டில் அவர் கொஞ்சம் நகர்ந்து சகலைக்கு இடம் விட்டார்.

"வருத்தப்படாதீங்க தம்பி" என்றார் வாஞ்சையாக. "போகப் போகப் பழகிடும்."

இத்தனையும் சத்தியம். மற்றபடி, மாமனாருக்குப் பெண் பிள்ளையே கிடையாது. இரண்டும் பையன்கள்.